கிராஸ் கம்பி எதுக்குங்க?

இரும்பு ஷெட் போடுகிற தொழிலில் கூரை ஒழுகினால்கூட மன்னித்துவிடுவார்கள். கூரைக்குள் சாய்வாக ஒரு கம்பி கூடுதலாகப் போனால் மன்னிக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கம் ஷெட்டுக்குக் கூலி எடைக் கணக்கு. எத்தனை கிலோ இரும்பு மேலே ஏறுகிறதோ அத்தனைக்குக் கூலி. நிற்கிற தூண் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கூரைத் தகடு எதற்கு என்றும் கேட்பதில்லை. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்துக்கு ட்ரஸ் என்று பெயர். அதற்குள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து போகிற கம்பியை நாங்கள் கிராஸ் என்போம். அந்தக் கிராஸைப் பார்த்த நிமிடம் கோயமுத்தூரிலிருந்து பவானி வரைக்கும் எல்லா முகத்திலும் ஒரே பார்வைதான். எடை ஏற்றுவதற்காக ஒரு கம்பியைச் சொருகிவிட்டான் என்கிற பார்வை.

தையல்கடை வைத்திருப்பவர்களே, மிச்சத் துணி எங்கே என்று உங்களைக் கேட்டிருப்பார்கள். எலக்ட்ரீஷியன்களே, இத்தனை ஒயர் எதற்கு என்று உங்களையும் கேட்டிருப்பார்கள். பல் டாக்டர்களே, எதற்கு நாலு தடவை வரச் சொல்கிறீர்கள் என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பார்கள். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள். இருபது வருசம் இந்தச் சந்தேகத்தோடு புழங்கியதில் எனக்கும் அது தொற்றிவிட்டது. அவர்களுக்கு என் கிராஸ் மேல் சந்தேகம். எனக்குக் கிராஸ் இல்லாத எல்லாவற்றின் மேலும் சந்தேகம்.

எடை மேடையில் மாமா

என் அக்காவைச் சோமனூர் பக்கம் கொடுத்திருக்கிறோம். மாமா பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறார். பழைய ஓட்டுக் கொட்டகையைப் பிரித்துவிட்டு இரும்பு ஷெட் போடுவது என்று முடிவானபோது, "என்ற தம்பி இருக்கறப்ப வெளியாளுக்கு எதுக்குங்க குடுக்கோணும்?" என்று அக்காதான் மல்லுக்கு நின்று வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாள். மாமா ஒத்துக்கொண்டார். ஆனால் இரும்பு ஏற்றி வந்த வண்டியை நேராக எடை மேடைக்கு விடச் சொன்னார். என்னையும், பதினைந்து வருசமாக என்னோடு இருக்கும் வெல்டர் ஜோசப்பையும் கீழே இறங்கச் சொன்னார். ஜோசப்பின் சோத்துப் போசியும் இறங்கியது. வேலை முடிந்த பிறகு வெட்டி விழுந்த துண்டுகளையும் சாக்கில் கட்டித் தூக்கிப் பார்த்தார்.

மொத்தம் ஆறு ட்ரஸ். மூன்றாவது ட்ரஸ்ஸுக்கு நேர் கீழேதான் தார் சுற்றுகிற மிஷின், அதாவது தறி நாடாவுக்குள் போகிற நூலைச் சுற்றுகிற மிஷின். அதை ஓட்டுவது அக்கா. காலையில் எட்டு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் அந்த இடம்தான். அதனால் மூன்றாவதுக்கு மட்டும் நானே ஆங்கிள் கம்பி தேர்ந்தெடுத்தேன், நானே அளந்து வெட்டினேன். எந்தத் துண்டு எங்கே போகும் என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் எண் குத்துவது எங்கள் வழக்கம். "3-இ" என்றால் மூன்றாவது ட்ரஸ், இடது கிராஸ். "3-வ" என்றால் வலது.

எல்லாம் ஏற்றி முடித்து, சாரம் பிரித்து, நான் மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "மாப்ளே, தூணு கூரையத் தாங்குது, ஒத்துக்கறேன். இந்தக் கோணக் கம்பி யாரைத் தாங்குது? உன்னையவா?"

நாலு துண்டு, நாலு போல்ட்

அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. பட்டறையில் கிடந்த பட்டை இரும்புத் துண்டுகளில் நாலை எடுத்து, முனைக்கு முனை போல்ட் போட்டு ஒரு சதுரம் செய்தேன். ஒரு மூலையைச் சுண்டுவிரலால் தள்ளினால் சதுரம் அப்படியே சாய்ந்து படுத்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது துண்டு ஒன்றைப் போட்டுவிட்டால் சதுரம் இரண்டு முக்கோணமாகிவிடும். பிறகு இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. பள்ளிக்கூடத்தில் இதை எனக்கு யாரும் காட்டியதில்லை. காட்டியிருந்தால் கணக்கில் இன்னும் பத்து மார்க் வாங்கியிருப்பேன்.

முதலில் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கித் தள்ளிப் பார்த்தார், சாய்ந்தது. உடனே தறி மேலிருந்த தன் சொந்த ஸ்பேனரை எடுத்து வந்து நாலு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். மறுபடியும் தள்ளினார். கொஞ்சம் முனகிவிட்டுச் சாய்ந்தது. ஐந்தாவது துண்டைப் போட்டுக் கொடுத்தேன். தள்ளினார், அழுத்தினார், முழங்காலில் வைத்து வளைத்தார். அசையவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் அதைத் திருப்பித் தரவில்லை. "இது இங்கயே கெடக்கட்டும் மாப்ளே. ஒரு வாரம் வெச்சுப் பாத்துப்போட்டுச் சொல்றேன்."

பெருந்துறையில் ஐந்தாவது துண்டு

மாமாவிடம் மாட்டியது போனதால் இன்னொன்று செய்து பையில் வைத்துக்கொண்டேன். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒருவர், வண்டி நிறுத்த ஷெட் கேட்டார். வரைபடத்தைப் பார்த்ததும் வழக்கமான இடத்தில் விரல் வந்து நின்றது. நான் பையைத் திறந்தேன்.

அவர் தள்ளினார். வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். உள்ளே மிஷினில் இருந்த ஒரு திடகாத்திரமான ஆளை வரவழைத்து அவரையும் தள்ளச் சொன்னார். ஐந்தாவது துண்டு போட்டபின் மூன்று பேரும் தோற்றார்கள். முதலாளி தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அந்த யோசனையைப் பார்த்து, இன்றைக்கு ஒரு மனிதராவது திருந்தினார் என்று நான் டீயை எடுத்து வாயில் வைத்தேன். "ஏனுங்க, இந்த அஞ்சாவது துண்டு ஒண்டியா இத்தனை வேலை செய்யுதுன்னா, மத்த நாலுல எதையாச்சும் எடுத்துப்போடலாமுங்களா?"

அண்ணாந்து பார்க்கும் வியாதி

இதற்குள் எனக்குக் கண் கெட்டுவிட்டது. எங்கே பார்த்தாலும் முக்கோணம்தான். மடக்கு ஏணி, சைக்கிள், சட்டை மாட்டுகிற ஹேங்கர், வயலுக்குள் நிற்கிற கரண்ட் டவர், பேக்கரி சமோசா, கடலைப் பொட்டலம், திலகாவின் சேலையில் வரிசையாக நிற்கிற கோபுரக் கரை. திலகா என் வீட்டுக்காரி. இருக்கிற முக்கோணத்தால் தொந்தரவு இல்லை. இல்லாத முக்கோணத்தால்தான் தொந்தரவு. மெஸ்ஸில் மேஜையை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்காமல் என்னால் இலை போட முடியாது. டீக்கடை பெஞ்சின் காலைக் குனிந்து பார்க்காமல் உட்கார முடியாது. "உங்களோட வெளிய வந்தா மானமே போகுதுங்க" என்பாள் திலகா.

போன தை மாசம் அவிநாசிப் பக்கம் ஒரு கல்யாணம். புது மண்டபம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய கூரை. அண்ணாந்து பார்த்தேன். கிராஸ் எல்லாம் ஊதுபத்தி மாதிரி இருந்தது. திலகாவையும் பிள்ளைகளையும் எழுப்பிக்கொண்டுபோய்ச் சுவரோரமாகத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பொண்ணு வீட்டுக்காரருக்கு நாங்கள் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டோம் என்று பயம். ஓடி வந்து, "எதாச்சும் கொறையாப் போச்சுங்களா? மொறையாக் கூப்புடலீங்களா?" என்று கையைப் பிடித்தார். குறை உங்களிடம் இல்லை, மேலே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

தாலி கட்டுகிற நேரம் வந்தது. மேளம் வேகமெடுத்தது. எல்லோரும் எழுந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஏதாவது அதிர்கிறதா என்று நான் கை நிறைய அட்சதையோடு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஜோசப் என் முழங்கையை இடித்தார். "ஏனுங்ணா, எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையை ஆசீர்வாதம் பண்றாங்க, நீங்க கூரைக்குப் போய் ஆசீர்வாதம் பண்ணிட்டு இருக்கறீங்க."

ஓரத்தில் நிற்கிறவர்கள்

அதே கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தார்கள். போட்டோகிராபர் முப்பது வயசுக்காரர். ஆளாளுக்குத் தோளைப் பிடித்து நகர்த்தினார். மாப்பிள்ளையை மட்டும் ஒரு படி மேலே ஏற்றினார். குழந்தைகளை இறக்கினார். என்னைக் கொண்டுபோய் இடது கோடியில், அதுவும் ஒரு முழங்காலை மடக்கி உட்காரச் சொன்னார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. நெருங்கின சொந்தமில்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆல்பத்தில் வெட்டுவதற்கு வசதியாக ஓரத்தில் வைக்கிறான்.

படம் எடுத்த பிறகு விடாமல் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு கேமராவின் திரையைக் காட்டினார். மாப்பிள்ளையின் தலைப்பாகையில் விரலை வைத்து, தோள்கள் வழியாகச் சாய்வாக இறக்கி என் முழங்காலில் நிறுத்தினார். அங்கிருந்து கீழே உட்கார்ந்திருந்த குழந்தைகளின் மேலாக வலது கோடியில் பொண்ணின் சித்தி வரைக்கும் இழுத்தார். அங்கிருந்து மறுபடியும் தலைப்பாகை. அச்சு அசல் ட்ரஸ். பார்க்கிறவர்களின் கண் இந்த மூன்று பக்கத்துக்குள்ளேயே சுற்றி வர வேண்டும், அப்போதுதான் படம் நிற்கும் என்றார். எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. தொழிலில் எனக்கு ஒரு பங்காளி கிடைத்துவிட்டார். ஆனாலும் ஓரத்தில் ஏன் நான் என்று கேட்டேன். "ஓரத்துல இருக்கறவங்கள யாரும் பாக்க மாட்டாங்கண்ணா. ஆனா அவங்க கொஞ்சம் நகந்துட்டாப் போதும், படமே சாஞ்சுபோயிரும்."

ஒன்றையும் தாங்காத முக்கோணம்

கோயமுத்தூரில் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடை. டிசைன் செய்கிற பொண்ணு லேப்டாப்பில் படம் காட்டினாள். கறுப்புப் பெயிண்ட் அடித்த ட்ரஸ், வரிசையாக எட்டு. கிராஸ்களை எண்ணினேன். நான் போடுவதைப் போல இரண்டு மடங்கு. இருபது வருசத்தில் முதல் தடவையாக ஒருவர் கிராஸ் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்கிறார். இதில் என்ன சூது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

கடையைப் போய்ப் பார்த்தேன். மேலே நல்ல கான்கிரீட் தளம். அதன் அடியில் நான் ட்ரஸ் போட வேண்டுமாம். தளத்தில் விரிசலை மறைக்கிறார்களோ என்று ஏணி போட்டு ஏறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "லோடு எதுங்கம்மா?" என்று கேட்டேன். லோடு ஒன்றும் கிடையாது, பார்ப்பதற்கு ஒரு ஃபீல் வேண்டும் என்றாள். எட்டு ட்ரஸ், ஒன்றையும் தாங்காமல் தொங்குகின்றன. திறப்பு விழாவன்று அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் அத்தனை பேர். சோமனூரில் அக்காவின் தலைக்கு மேலே உழைக்கிற கிராஸை ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லையே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. தாங்க முடியாமல் அந்தப் பொண்ணிடமே கேட்டேன், இப்படிச் சும்மா தொங்க விடுவது தப்பில்லையா என்று. "வேலை செய்யற மாதிரி தெரிஞ்சாப் போதுமுங்ணா, வேலை செய்யோணும்னு அவசியமில்லைங்ணா."

பவானியில் நெருப்பும் தண்ணீரும்

பவானியில் ஜமக்காளம் அடுக்கி வைக்க ஒரு குடோன். கட்டுபவர் பக்திமான், நெற்றி நிறையத் திருநீறு. அவருக்கு எடையில் சந்தேகமில்லை. முக்கோணத்தின் மேலேயே சந்தேகம். முக்கோணம் என்பது நெருப்பின் வடிவம், பஞ்சு நூல் சரக்குக்கு மேலே நெருப்பைத் தொங்க விடலாமா என்று கேட்டார். இருபது வருசத்தில் கேட்காத கேள்வி. எனக்கும் ஒரு நிமிடம் திக்கென்றது.

அவர் பாணியிலேயே போனேன். மேலே கூர் இருந்தால்தானே நெருப்பு? கீழே கூர் இருந்தால் தண்ணீர் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? ட்ரஸ்ஸில் ஒரு முக்கோணம் நேராக நின்றால் அதற்கு அடுத்தது தலைகீழாகத்தான் நிற்கும். நெருப்புக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வைத்திருக்கிறோம், பயப்படாதீர்கள் என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஜோசப் என்னைப் பெருமையாகப் பார்த்தார். ஆனால் குடோன்காரர் விடவில்லை. வரைபடத்தைக் கையில் வாங்கிப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நேராக நிற்பது ஏழு. தலைகீழ் ஆறு. மறுபடியும் எண்ணினார். இரண்டு முனையிலும் நேராகத்தான் நிற்கும் என்பதால் அது எப்போதும் ஒன்று குறையத்தான் செய்யும். நான் என்ன செய்வேன்? "தண்ணி ஒண்ணு கம்மியா இருக்குதுங்களே. அப்ப மூலையில ஒரு டிரம்ல தண்ணி ரொப்பி வெச்சுப்போடலாமுங்களா?"

ஆடாத கேட்

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊரையே தூக்குகிற மாசம். ஷெட் போடுகிறவனுக்கு அது பரீட்சை மாசம். பதினெட்டாம் பெருக்கு நோம்பிக்கு முந்தின நாள், அக்காவுக்கு நோம்பிச் சேலை கொடுப்பதற்காக நான் மட்டும் சோமனூர் போனேன்.

மாமா வீட்டு வாசலில் இரண்டு கதவு போட்ட பெரிய இரும்பு கேட். பத்து வருசமாக அது தொங்கிப்போய்த் தரையைத் தேய்க்கும். தூக்கித்தான் தள்ள வேண்டும். அன்றைக்கு ஒற்றை விரலில் திறந்தது. பார்த்தால் இரண்டு கதவுக்கும் கிராஸ் அடித்திருக்கிறது. அதுவும் முறையாக, கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து பூட்டுப் பக்கத்து மேல் மூலைக்கு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியில் ஒருவர் நம்பிவிட்டார், அதுவும் என் மாமா! அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பெருமை. "உன்ற அந்த நாலு துண்டுச் சாமானத்தை ஒரு வாரமா ஆட்டிப் பாத்தேன் மாப்ளே. நீ சொன்னது நெசந்தான். கேட்டுல அடிச்சுப்போட்டேன், பாரு, கம்முன்னு நிக்குது" என்றார்.

பாசத்தோடு அந்தக் கிராஸைத் தடவிக் கொடுத்தேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் விரலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தேன். "3-இ". அடுத்த கதவுக்கு ஓடினேன். "3-வ". என் கையால் குத்திய எண். இது எங்கிருந்து வந்தது என்று மாமாவைக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். "வெளிய எங்கயும் வாங்கல மாப்ளே. மேல சும்மா தொங்கிட்டுத்தான இருந்துச்சு? கட்டர் வெச்சு ரண்டை எடுத்தேன். கூரை அசையக்கூட இல்ல, தெரியுமா!"

மூன்றாவது ட்ரஸ்ஸுக்குக் கீழே

ஷெட்டுக்குள் ஓடினேன். பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது ட்ரஸ்ஸுக்கும் நாலாவதுக்கும் நடுவே பலகை போட்டுப் பரண் கட்டியிருந்தார் மாமா. பரண் நிறைய நூல் மூட்டைகள். கிராஸ் இருந்தால் மூட்டை நுழையாது. கேட்டுக்கும் இரும்பு வேண்டும். ஒரே வெட்டில் இரண்டு வேலையும் முடிந்துவிட்டது. மூட்டைகளுக்கு நேர் கீழே தார் மிஷின். அதன் முன்னால் என் அக்கா.

கையெட்டும் தூரத்தில் கிடந்த நூலையே எடுத்து, ஏணி போட்டு, மூன்றாவது ட்ரஸ்ஸின் அடிச்சட்டத்துக்கு முனைக்கு முனை இழுத்துப் பிடித்தேன். நடுவில் சட்டம் நூலைவிட மூன்று விரல்கடை கீழே தொங்கியது. ஒவ்வொரு தறி அடிக்கும் அது நடுங்கியது. வெளியே காற்று கூரைத் தகட்டைப் பிடித்து உலுக்கியது. இறங்கி வந்து, மூட்டையை இறக்கணும், அக்காவை முதலில் எழுப்பணும் என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

மாமா அசையவில்லை. "வெட்டி நாலு மாசமா நிக்குதுல்ல? இப்ப மறுக்கா இரும்பு ஏத்தோணும்ங்கறே, அதான?" என்றார். கூலி வேண்டாம் மாமா, எடை வேண்டாம், மூட்டையை மட்டும் இறக்குங்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கும் அவர் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தார். கூலி வேண்டாம் என்கிறவனை எங்கள் ஊரில் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார்கள்.

அப்போதுதான் அக்காவின் ஸ்டூலைக் கவனித்தேன். அது மிஷினுக்கு நேராக இல்லை. சுவர்ப் பக்கமாக ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அவள் அங்கிருந்தபடி கையை எக்கி எக்கித்தான் தார் மாற்றிக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். தலை முந்தானையை உதறினாள். துரு கொட்டியது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். காற்று ஆரம்பித்ததிலிருந்து, ஒரு மாசமாக என்றாள். தான் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னத்தை வெட்டினார் என்று தனக்குத் தெரியாது என்றாள். ஒரு மாசமாகத் தலையில் துரு விழுகிறது, ஒரு மாசமாக ஸ்டூல் மட்டும் நகர்கிறது, இவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமாவிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உன்ற வேலைதான் சரியில்லையாட்டம் இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு. சொன்னா இவரு காலத்துக்கும் உன்னையச் சொல்லிக் காட்டுவாரே, நானே தள்ளி உக்காந்துக்கலாம்னு இருந்துட்டேன்."

மறுபடியும் ஏறிய கிராஸ்

மாமா விறுவிறுவென்று போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பன்னிரண்டு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு சவுக்கு மரம் வாங்கி வந்து அடிச்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தேன். மூட்டைகளை மாமாவே ஏறி, மாமாவே தோளில் தூக்கி இறக்கினார். ஆள் வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. அக்காவை மட்டும் ஷெட்டுக்குள் விடவில்லை. வாசலில் நின்றிருந்தவளிடம் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்ல வராமல் திரும்பி வந்து அடுத்த மூட்டையைத் தூக்கினார்.

போன் போட்டதும் ஜோசப் வெல்டிங் மிஷினோடு வந்து சேர்ந்தார். கேட்டிலிருந்து இரண்டு கிராஸையும் அறுத்து எடுத்தோம். கேட் பழையபடி தரையைத் தேய்த்தது. ஜாக்கி வைத்து அடிச்சட்டத்தை நூல் மட்டத்துக்குத் தூக்கி நிறுத்தி, வெட்டியதில் முனை குறைந்த இடத்தில் தகடு வைத்து, 3-இ இடத்தில் 3-இ, 3-வ இடத்தில் 3-வ என்று பொழுதோடு வெல்டிங் வைத்து முடித்தோம். நான் கீழே இறங்கி அக்காவின் ஸ்டூலை எடுத்து மிஷினுக்கு நேராகப் பழைய இடத்தில் போட்டேன். அவள் உட்காருவதற்கு முன்னால் மாமா போய் அதில் உட்கார்ந்துகொண்டார். மெயினைப் போடச் சொன்னார். தறிகள் ஓட ஆரம்பித்தன. கழுத்து நோக நோக மேலேயே பார்த்துக்கொண்டு, வாங்கி வைத்த டீ ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். துரு விழவில்லை. பிறகு எழுந்து, அக்காவுக்கு ஸ்டூலைத் தன் தோள் துண்டால் துடைத்துக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெல்டிங் வெளிச்சம் என்று ஜோசப்பிடம் சொன்னேன்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது மாமா தனியாக என்னை ஓரம் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் சங்கடப்பட்டு நெளிந்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம் மாப்ளே, இன்னைக்கு வெச்சியே தகடு, அது எடையில சேருமா?"

கோயமுத்தூரிலிருந்து பவானி வரைக்கும் முக்கோணம் தேடி அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வந்தவன் நான். மாமா, அக்கா, நான் என்கிற முக்கோணத்தில் பாரம் முழுக்க யார் தலையில் இறங்கியிருந்தது என்று பார்க்க, ஒருக்கா குனிந்து அந்த ஸ்டூலைப் பார்த்திருந்தால் போதும்.